குருதியில் அளக்கப்படும் மருந்து

கிருமிகள் மருந்துகளை வெல்லத் தொடங்கிவிட்டன என்பது இனிப் புதிய செய்தியன்று. 2019ஆம் ஆண்டில் மாத்திரம், மருந்துக்கு அடங்காத பக்ரீரியாத் தொற்றுகள் நேரடியாகவே ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் உயிர்களைப் பறித்தன என 2022இல் 'லான்செற்' மருத்துவ ஏட்டில் வெளியான உலகளாவிய ஆய்வு மதிப்பிட்டது. புதிய மருந்துகளோ அரிதாகவே வருகின்றன. ஆகவே, கைவசமுள்ள மருந்தை எவ்வளவு கொடுப்பது என்ற பழைய வினா மீண்டும் மேலெழுந்துள்ளது.

மருந்தின் அளவு என்பது புட்டியில் எழுதப்பட்ட மில்லிகிராமன்று. நோயாளியின் குருதியில் நிலைத்து நிற்கும் செறிவேயாகும். ஒரே அளவு மருந்து, சிறுநீரகம் தளர்ந்த முதியவரின் உடலில் நஞ்சாகத் தேங்கலாம். விபத்தில் அடிபட்டுத் தீவிர சிகிச்சை பெறும் இளைஞனின் உடலோ, கிருமியைத் தாக்குமுன்னரே அதனை வெளியேற்றிவிடலாம். 1941இல் ஒக்ஸ்போர்ட்டில் பென்சிலின் பெற்ற அல்பேர்ட் அலெக்சாந்தர் என்ற காவலரின் சிறுநீரிலிருந்தே அம்மருந்தை மீட்டெடுத்து மறுபடி பயன்படுத்தினார்கள். அவ்வளவு விரைவாக அது உடலை விட்டு நீங்கிற்று. கையிருப்புத் தீர்ந்தது, தேறிவந்தவர் மாண்டுபோனார்.

வன்கொமைசினின் வரலாறு வேறு பாடம் புகட்டுகிறது. மெதிசிலினுக்கு அடங்காத ஸ்ரபிலோகொக்கஸ் கிருமிக்கு எதிரான முதன்மை மருந்துகளில் அதுவும் ஒன்று. கடுந்தொற்றுகளில், அடுத்த மருந்தேற்றலுக்குச் சற்று முன்னர் ஒரு லீற்றர் குருதிநீரில் 15 முதல் 20 மில்லிகிராம் வரை இருத்தல் வேண்டுமென அமெரிக்க வல்லுநர்கள் 2009இல் விதித்தனர். அந்த எண்ணை எட்டும் முயற்சியிற் பலரது சிறுநீரகங்கள் பழுதுற்றன. 2020இல் அவ்விதி கைவிடப்பட்டது. 24 மணிநேரத்தில் உடல் எதிர்கொள்ளும் மருந்தின் மொத்த அளவைக் கணிக்கும் முறை அதன் இடத்தைப் பிடித்தது. அளப்பது மாத்திரம் போதாது, எதை அளக்கிறோம் என்பதும் உயிர்ப்பிரச்சினையே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பென்சிலின் குடும்பத்து மருந்துகளில் வழக்கு இன்னும் தீரவில்லை. பைப்பரசிலின் அளவைக் குருதிச் சோதனைப்படி மாற்றியமைத்துப் பார்த்த ஜெர்மானிய ஆய்வு, 2022இல் தெளிவான நன்மை எதையும் காட்டவில்லை. இதனைக்கொண்டு சோதனையே வீண் எனச் சிலர் வாதிடுகின்றனர். அது அவசரத் தீர்ப்பு என்பதே எமது கருத்து. எளிதில் மடியும் கிருமிக்கு வழக்கமான அளவே போதும், பயன் தெரியவராது. எல்லையில் நின்று எதிர்க்கும் கிருமியிடத்தேதான் அளவின் அருமை புலப்படும்.

சில ஆண்டுகளின் முன்னர் நம்மவர் ஒருவருக்கு மொழிபெயர்க்க வைத்தியசாலை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். ஊசிக்கு முன்னர் மீண்டும் மீண்டும் இரத்தம் எடுக்கிறார்கள், அகதி என்பதால் தன்மீது பரிசோதனை நடத்துகிறார்கள் என்றஞ்சி அவர் கையை நீட்ட மறுத்திருந்தார். அவருக்கு விளங்கும் மொழியில் எவரும் காரணம் கூறியிருக்கவில்லை. இரண்டு நாட்களாக அளவறியாமலே மருந்து ஏறிக்கொண்டிருந்தது. விளக்கியதும் சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டார்.

அச்சோதனையின் பெறுமதி நேரத்திலேயே தங்கியுள்ளது. மருந்து எப்போது ஏற்றப்பட்டது, குருதி எப்போது எடுக்கப்பட்டது என்பன பிழையாகப் பதியப்பட்டால் முடிவும் பிழைக்கும். இன்று மருந்து ஒரு மணிநேரம் தாமதித்தே ஏற்றப்பட்டது என்று தாதியிடம் சொல்லும் அளவுக்கு மொழி தெரிந்த நோயாளி, தன் வைத்தியருக்கே உதவுகிறார்.