பெட்டியில் பெடியனை இருத்தாதீங்கோ

பழுதான மோட்டார் சைக்கிளை லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏத்தி, சைட் ஸ்ராண்டில் நிறுத்தி, பிடிச்சுக்கொள்ள ஒரு பெடியனையும் இருத்திவிடுறது எங்கட ஊர்களில் சாதாரணம். இதை விடவேணும் எண்டுதான் சொல்லுறம். 100 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி பள்ளத்தில் துள்ளிச் சரிஞ்சால் கையால் தாங்கேலாது. அது விழுறதும் அவன்ர காலுக்கு மேலதான்.

பெட்டியின் முன்பலகையில் முன்சில்லு முட்டி நிற்கட்டும்; சில்லு திரும்பாமல் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் ஒட்டவேணும். நாலு மூலையிலும் கட்டுறதுக்கு வளையம். முன்பட்டிகளை ஹாண்டில் பிடியில் கொழுவக்கூடாது, பிடி சுழண்டுபோகும். அதுக்குக் கீழே, முன் ஃபோர்க்கைப் பிடிச்சிருக்கிற பாகத்தில் கொழுவி, ஷொக் அரைவாசி அமரும்வரை இரண்டு பக்கமும் சமனாக இறுக்கவேணும். ஸ்ராண்டு மடங்கியே இருக்கட்டும். அதில் சாய்ஞ்ச வண்டியை எப்படி இறுக்கினாலும் குலுக்கத்தில் கட்டு இளகும். பின்னுக்கு இரண்டு பட்டி. பெற்றோல் டப்பையும் பூட்டிவிடுங்கோ.

இரண்டு வண்டி ஏத்தினால் பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கவேணும். பின்னுக்குப் போனால் கொழுக்கிப் பக்கம் மேலே தூக்கும்.

சட்டமும் வளையமும் ஒருக்கா ஒட்டினால் காணும். லீசிங் கட்டி முடியாத வண்டியின் டாங்க் நெளிஞ்சால் போற காசை யோசிச்சால் இது பெரிய செலவே இல்லை. பெட்டியை வாடகைக்கு விடுறவைதான் இதைச் செய்துவைக்கவேணும், ஏத்துற நாங்களும் கேட்கவேணும். பெடியன் பின்னால் வேற மோட்டார் சைக்கிளில் வரட்டும்.