போட்டோஷாப் புது வெர்ஷனா? முதலில் 'பொங்கல்' என்று அடித்துப் பாருங்கள்

போட்டோஷாப்பில் புது வெர்ஷன் வரும்போதெல்லாம் விமர்சனங்களும் வரிசையாக வந்துவிடும். எல்லாம் ஒரே அச்சு. எங்கோ ஒரு மலை, பக்கத்தில் ஏரி, நடுவில் நிற்கும் ஆளை ஒரே கிளிக்கில் காணாமல் செய்வார்கள். ஐந்துக்கு நாலரை நட்சத்திரம், முடிந்தது கதை.

தஞ்சாவூர் கீழவாசலிலோ மன்னார்குடியிலோ ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கு இந்த நட்சத்திரங்களால் என்ன பிரயோஜனம்? அங்கே யாரும் மலையை எடிட் செய்யச் சொல்லிக் கேட்பதில்லை (பக்கத்தில் மலையும் கிடையாது :-)). காதணி விழா பேனர், கல்யாண ஆல்பம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். டெல்டாவில் போட்டோஷாப் சோறு போடுவது இந்த மூன்றால்தான். மார்க் போடுவதென்றால் இவற்றை வைத்துத்தான் போட வேண்டும்.

முதல் பரீட்சை தமிழ். யூனிகோடில் 'பொங்கல்' என்று அடித்தால் கம்ப்யூட்டர் முதலில் 'ப'வைச் சேமிக்கும், அப்புறம்தான் ஒகரக் குறி. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டியது மென்பொருளின் வேலை. சிஎஸ் வரிசை போட்டோஷாப்புகளுக்கு இது தெரியாது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக நிற்கும். அதனால்தான் நம் ஊர் டிசைனர்கள் பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களை விடவில்லை. அதில் கொம்பை முதலில் அடித்து, எழுத்தைப் பின்னால் அடிக்கலாம், பார்வைக்குச் சரியாக வரும். ஆனால் அதே ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு மெஷினில் திறந்தால் மணமகள் பெயர் இருந்த இடத்தில் ஏதோ ஆங்கில எழுத்துக் குப்பை. வாட்ஸப்பில் வந்த மேட்டரை அப்படியே ஒட்டவும் முடியாது. கன்வர்ட்டரில் போட வேண்டும், இல்லையென்றால் மறுபடி அடிக்க வேண்டும். மறுபடி அடிக்கும் இடத்தில்தான் தாய்மாமன் பெயர் தப்பாகும். காதணி விழா பேனரில் தாய்மாமன் பெயர் தப்பானால் என்ன நடக்கும் என்று தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பிறகு கிரியேட்டிவ் கிளவுட் காலத்தில் தெற்காசிய எழுத்துகளுக்கு ஒரு வழி வந்தது. அதுவும் செட்டிங்ஸுக்குள் போய் மாற்றி, மென்பொருளை மூடித் திறந்தால்தான் வேலை செய்யும். எல்லா மொழிக்கும் ஒரே எழுத்து இயந்திரம் என்று ஆனது 2021 அக்டோபரில். முதல் பதிப்பு வந்தது 1990இல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! இத்தனைக்கும் காசே வாங்காத கிம்ப், போட்டோஷாப் திணறிக்கொண்டிருந்த நாளிலேயே யூனிகோடு தமிழை ஒழுங்காகக் காட்டியது. எந்த நட்சத்திர விமர்சனம் இதற்கு மார்க் குறைத்தது?

அடுத்தது ஆல்பம். கரிஸ்மா ஆல்பத்தில் 12க்கு 36 அங்குல ஷீட் ஒன்றை 300 டிபிஐயில் போட்டால் 3600க்கு 10800 பிக்சல். ஒரு முழு லேயருக்கே 110 எம்பிக்கு மேல் ஆகிவிடும். பின்னணி, மாலை, மணமக்கள், நிழல் என்று பத்து லேயர் போட்டால் 512 எம்பி ராம் வைத்திருந்த மெஷின் என்ன ஆகும்? 2008இல் வந்த சிஎஸ்4 விண்டோஸில் 64 பிட்டுக்கு மாறியது, நல்ல விஷயம்தான். ஆனால் 32 பிட் எக்ஸ்பி ஓடிய மெஷினுக்கு அதனால் பயனில்லை.

2012 மே மாதம் வந்த சிஎஸ்6 கதை இன்னும் சுவாரசியம். கறுப்பு நிற முகப்பைப் பற்றியும் பொருளை நகர்த்தி வைக்கும் வித்தையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அதே வெர்ஷனில்தான் வேலையைத் தானாகவே அவ்வப்போது சேமித்து வைக்கும் வசதியும் வந்தது. மாவட்டங்களில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த வருஷம் அது. பாட்டரி செத்த யூபிஎஸ்ஸோடு ராத்திரி உட்கார்ந்து ஆல்பம் போட்டவருக்கு அந்த ஒரு வசதிக்காகவே முழு மார்க் கொடுக்கலாம்.

ஆனால் சிஎஸ்6தான் ஒரே தடவை காசு கொடுத்து வாங்கக்கூடிய கடைசி வெர்ஷன். 2013 மே மாதம், இனிமேல் சந்தாதான் என்று அடோபி அறிவித்துவிட்டது. டெல்டாவில் ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் கைக்கு வந்தால்தான் தை, மாசியில் முகூர்த்தம் களை கட்டும். வாடகைக்கோ ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. திருட்டு சிடியைச் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அது ஏன் ஓடியது என்று புரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு. 2020இல் நியூரல் ஃபில்டர்கள், 2023இல் இல்லாததை வரைந்து நிரப்பும் ஜெனரேட்டிவ் ஃபில். பேனர் பின்னணியை அகலப்படுத்த அருமையான சாமான், மறுக்க முடியாது. பரீட்சை வேறு இடத்தில் இருக்கிறது.

வயல் வேலையிலேயே ஆயுசைக் கழித்த ஒரு பெரியவர் ராத்திரி இறந்துபோகிறார். விடிவதற்குள் போஸ்டர் வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே படம் வாக்காளர் அட்டையில் ஒட்டியிருக்கும் தபால்தலை அளவு மங்கல் படம். முன்பெல்லாம் டிசைனர் அதை ஸ்கேன் செய்து, ஹீலிங் பிரஷ்ஷை எடுத்து (2002இல் ஏழாம் வெர்ஷனில் வந்தது, இன்றைக்கும் அதற்கு ஈடில்லை) புள்ளி புள்ளியாகச் சுத்தம் செய்வார். படம் மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் அவராக இருப்பார். இப்போது ஒரு பட்டனில் கண், பல், தோல் சுருக்கம் எல்லாம் பளிச்சென்று வந்துவிடுகிறது. படத்தில் இல்லாத விவரம் எங்கிருந்து வரும்? வேறு யார் யாருடைய முகங்களிலோ இருந்து கற்றுக்கொண்ட யூகம்தான்.

மகன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார். "நல்லாத்தான் இருக்கு தம்பி... ஆனா எங்கப்பா மாதிரி இல்லியே."

அப்போது கண்ட்ரோலும் இசட்டும் அழுத்தி மங்கலான படத்துக்கே திரும்பிப் போகிறார் டிசைனர். அந்த வசதி எல்லா வெர்ஷனிலும் இருக்கிறது.