வெள்ளை நகர் என்னும் இழிபெயர்

புதுச்சேரிக் கடற்கரையை அடுத்த பழந்தெருக்கள் புதுப்பொலிவு பெற்றுள்ளன. சிதைந்த மாளிகைகள் செப்பனிடப்பட்டன. சுவர்களில் மஞ்சளும் வெண்மையும் மிளிர்கின்றன. விடுமுறை நாள்களில் தெருக்கொள்ளாக் கூட்டம். பழமை காக்கப்படுவதை எந்தத் தமிழனும் வெறுக்கான். ஆனால், காக்கப்பட்ட பகுதிக்கு இன்று வழங்கும் பெயர் யாது? 'ஒயிட் டவுன்'! வெள்ளை நகர்!

பிரெஞ்சியர் ஒரு வாய்க்காலை எல்லையாக்கி, கிழக்கே வெள்ளையர்க்கு, மேற்கே கறுப்பர்க்கு என நகரைக் கூறிட்டனர். வெள்ளை நகர் என்று ஒன்றைச் சொன்ன அளவிலேயே கறுப்பு நகர் ஒன்றும் சொல்லப்பட்டுவிடுகிறது. அக்கறுப்பர் யாவர்? கொத்தராய், தச்சராய், நெசவாளராய், வணிகராய் இந்நகரை ஆக்கிய தமிழரே. 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறிற்று. 1962இல் சட்டப்படியும் முடிந்தது. ஆண்டோர் போயினர். அவர் இட்டுச் சென்ற வசையை விடுதிக்காரரும் சுற்றுலாத் தரகரும் விருதுபோல் பலகையில் எழுதி விற்கின்றனர். வாங்குவோரும் தமிழரே என்பதுதான் வெட்கக்கேடு.

கடற்கரைச் சாலையின் நகராட்சிக் கட்டடத்தைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் எழுந்த அஃது 2014 நவம்பர் மழையில் இடிந்து வீழ்ந்தது. பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. வேலை செம்மையானதே; குறைசொல்ல இடமில்லை. அதன் பெயர்தான் 'மேரி கட்டடம்'! யார் அந்த மேரி? ஒருவருமில்லை. நகராட்சி மன்றத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் சிதைந்து ஒரு பெண்ணின் பெயராய்விட்டது. பிரெஞ்சுமன்று, தமிழுமன்று. கல்லையும் காரையையும் அளந்து அளந்து மீட்டோர்க்கு 'நகர மன்றம்' என்னும் இரண்டு சொற்களை மீட்க மனம் வரவில்லை.

அப்பிரெஞ்சியர் ஆட்சியின் உள்நிலையை உலகுக்கு உணர்த்தும் ஒப்பற்ற சான்று எம்மொழியில் உள்ளது? தமிழில்! ஆனந்தரங்கர் 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு அது. 1748இல் துய்ப்ளே ஆட்சியில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட கொடுமையும் அதனால்தான் அறியப்படுகிறது. ஆனந்தரங்கரின் மாளிகை நிற்பது வாய்க்காலுக்கு மேற்கே. பாவேந்தர் வாழ்ந்த பெருமாள் கோயில் தெரு வீடும் மேற்கேதான். ஆயினும் கடற்கரையில் சிலையாய் நிமிர்ந்து நிற்பவன் துய்ப்ளே.

மேற்குப் பகுதிக்கு அழகில்லை என்பாரும் உளர். வைசியாள் தெருவில் திண்ணையும் தாழ்வாரமும் கெடாது வீடுகளைச் செப்பனிட்ட பணிக்கு 2008இல் இயுனெசுக்கோ விருது வழங்கிற்று. அயலார் கண்ணுக்குத் தெரிந்தது உள்ளூரார் கண்ணுக்குத் தெரியவில்லை! அத்தகைய தமிழ்வீடுகள் எத்தனையோ இடிக்கப்பட்டுக் கற்காரைப் பெட்டிகளாயின.

தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் புதுவையில் 1965இலேயே இயற்றப்பட்டது. கடைப் பலகைகளில் தமிழ் இடம்பெற வேண்டும் என்று முதலமைச்சர் அரங்கசாமி சட்டமன்றத்தில் அறிவித்ததோ 2025இல். அறுபது ஆண்டுகள்! இனியும் அறிவிப்பைத் தாளில் உறங்கவிடாது, கடைத்தெருவிற் செயற்படுத்துக. அரசின் சுற்றுலா ஏடுகளில் வெள்ளை நகர் என்னும் சொல்லை அடித்து, கடற்கரைப் பகுதி என எழுதுக. அதற்கு முன்பாக, கட்டி முடித்த அந்நகராட்சிக் கட்டடத்தைப் 'புதுச்சேரி நகர மன்றம்' என்றே அழைப்பிதழ்களிலும் ஆணைகளிலும் குறிக்கத் தொடங்குக. அதற்கு ஒரு காசும் செலவில்லை.