உப்புக்கு உப்புத்தாள்!

கடலாடிப் பக்கம் பூட்டு வாங்கினால், சாவி தொலைவதற்குள் பூட்டு துருப்பிடித்துவிடும். அவ்வளவு உப்புக் காற்று! வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகமே உப்பளம் வைத்திருக்கிறது. பாம்பன் பழைய பாலத்தில் 1914-லிருந்து 2022 வரை ரயில் ஓடியது. அத்தனை வருஷமும் துருவோடு மல்லுக்கட்டுதான். பாலத்துக்கே அந்தக் கதி என்றால், ஒரு பழைய ஜீப்பின் கதி என்ன?

என் சின்ன மாமாவிடம் 1996 மாடல் டீசல் வண்டி ஒன்று இருந்தது. கம்பெனி பெயர் எதற்கு? பத்து வயசானதும் அதற்குப் புத்தி பேதலித்தது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்கும். ஹெட்லைட்டைப் போட்டால் டீசல் முள் ஏறும்.

"லைட்டைப் போட்டா டீசல் ஊறுதுன்னா, பகல்லயும் போட்டே ஓட்டுங்களேன்!" என்றாள் அத்தை.

காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மாமா புது பேட்டரி போட்டார். அதன் பலத்தில் ஒரு மாசம் ஓடியது. மறுபடியும் 'டக்'. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினார்கள். டைனமோவைப் பிரித்தார்கள். ஆளுக்கொரு பார்ட்ஸை மாற்றினார்கள். வண்டி மட்டும் மாறவில்லை!

சிரிக்க முடியாத ராத்திரி ஒன்றும் வந்தது. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-ல். இது அதற்கு இரண்டு வருஷம் முந்தி. எங்கள் தெருவுக்கு மாமா வண்டிதான் ஆம்புலன்ஸ். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வலி எடுத்து, ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'டக்!' எட்டுப் பேர் தெருக்கோடி வரை தள்ளிய பிறகுதான் கிளம்பியது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மாமாதான் மறுநாள் சாப்பிடவில்லை. "இன்னும் அரைமணி ஆகியிருந்தா?" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் சாயல்குடியில் வயசான எலக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்தார். எதையும் கழற்றவில்லை. தடித்த வயர் ஒன்றை எடுத்து ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் மாட்டினார். "சாவியைப் போடுங்க தம்பி." பட்டென்று ஸ்டார்ட்!

"எர்த் போச்சு தம்பி. பேட்டரி என்ன பண்ணும், பாவம்!"

விஷயம் இதுதான். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் கரண்ட், வேலையை முடித்துவிட்டு வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத்தான் மைனஸுக்குத் திரும்புகிறது. அந்த உடம்பையும் மைனஸையும் இணைப்பது ஒரு வயர், ஒரு போல்ட். போல்ட்டின் அடியில் உப்பு ஈரம் புகுந்தால் துரு. ஸ்டார்ட்டர் சுமார் 200 ஆம்பியர் கேட்கும். அந்தத் துரு வெறும் 0.01 ஓம் தடை போட்டாலே 2 வோல்ட் காலி! பின்பக்க விளக்கின் எர்த் துருப்பிடித்தாலோ, பிரேக் லைட்டின் கரண்ட் இண்டிகேட்டர் பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கும். கல்யாண வீட்டில் வாசலை அடைத்தால் கூட்டம் சமையல்கட்டு வழியாகப் போகிற மாதிரி!

வைத்தியம்? உப்புக்கு உப்புத்தாள்தான்! பேட்டரியில் முதலில் மைனஸைக் கழற்றுங்கள். எர்த் போல்ட்டை எடுத்து, அடியில் இரும்பு பளபளக்கும் வரை தேயுங்கள். இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள். வயரே இற்றுப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள். புது பேட்டரி விலையோடு பார்த்தால் அது கொசுறு. மழைக்கு முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் பார்த்துவிடுவது நல்லது.

ஆகவே, கடலோரத்தில் பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களே! 'டக்' கேட்டதும் பேட்டரிக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் பானட்டைத் திறந்து எர்த்தைப் பாருங்கள். அதையும் பகலிலேயே பார்த்து வையுங்கள். நடுராத்திரியில் கதவைத் தட்டுகிறவரிடம் ஓம் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது!