திரும்பி வருவதற்கான சாமான்

பள்ளி விடுமுறைக்கு இரண்டு மாதம் முன்பு அண்ணன் ஒரு வண்டி வாங்கினார். ஆறு வருடம் ஓடிய ஐரோப்பிய எஸ்யூவி. தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, பொத்தானை அழுத்தினால் தானே உயர்ந்துகொள்ளும் காற்று சஸ்பென்ஷன். புதிதாக இருந்தபோது கிட்டப் போக முடியாத விலை. பழையதானதும் அண்ணனின் சேமிப்புக்கு எட்டிவிட்டது.

“இனிமே ஹோட்டல் செலவே கிடையாது பாப்பா. ஆத்தங்கரையில கூடாரம், காலையில தே ஓ, அவ்வளவுதான்” என்றார்.

அவருக்குப் பிடித்திருந்த ஆசைக்கு ‘ஓவர்லேண்டிங்’ என்று பெயர். வண்டியையே வீடாக்கிக்கொண்டு, தார்ச்சாலை முடிந்த பிறகும் நாள்கணக்கில் போய்க்கொண்டிருப்பது. சேற்றில் யார் முதலில் வருகிறார் என்ற போட்டி இதில் இல்லை. குடும்பத்தோடு போகலாம். அதனால்தான் நம் ஊரிலும் இந்த ஆசை பெருகி வருகிறது.

இரண்டு மாதத்தில் வண்டி அடையாளம் தெரியாமல் மாறியது. கூரைமேல் கேரியர், அதன்மேல் விரிக்கும் கூடாரம், பக்கவாட்டில் நிழல்துணி, முன்னால் நீள விளக்கு, பின்னால் ஏணி, உள்ளே குளிர்பெட்டி. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அம்மா மட்டும் “இவ்வளவும் எதுக்குய்யா?” என்று கேட்டார். அதற்கு எங்களில் யாரும் பதில் போடவில்லை.

முதல் பயணம் பகாங்கில், ரவூப்பைத் தாண்டி ஓர் ஆற்றங்கரைக்கு. அண்ணன், அண்ணி, பிள்ளைகள் இருவர். நான் என் சின்னக் காரைத் தார்ச்சாலை ஓரத்தில் விட்டுவிட்டு அவர்களோடு ஏறிக்கொண்டேன். கடைசி நான்கு கிலோமீட்டர் செம்பனைத் தோட்டத்து மண் சாலை. முதல் நாள் மழை பெய்திருந்தது. வண்டிக்குள் குளிரூட்டியும் பாட்டும். வெளியே மண் எப்படி இருக்கிறது என்று உள்ளே இருந்த எங்களுக்குத் தெரியவே இல்லை. ஒரு சரிவில் வண்டி மெதுவாகப் பக்கவாட்டில் வழுக்கி, வாய்க்காலில் இறங்கி நின்றது.

அரை மணி நேரத்தில் குலை ஏற்றும் டிராக்டர் ஒன்று வந்தது. அண்ணன் புதுக் கயிற்றை எடுத்தார். வண்டியின் பின்புறம் டிரெய்லர் மாட்டுவதற்கு இருக்கும் இரும்பு உருண்டையில் சுற்றினார். பிள்ளைகள் நான்கு அடி தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அண்ணி காணொளி எடுத்துக்கொண்டிருந்தார். டிராக்டரில் கூட வந்த பெரியவர் ஒருவர் கையை உயர்த்திக் கத்தினார்.

“தம்பி, அந்த உருண்டையில மாட்டாதய்யா! பிள்ளைங்கள முதல்ல அந்தப் பக்கம் அனுப்பு!”

முப்பது வருடம் தோட்டத்து லேண்ட் ரோவர் ஓட்டியவராம். அவர் ஏன் கத்தினார் என்பதைப் பிறகுதான் படித்துப் புரிந்துகொண்டேன். அந்த உருண்டை, டிரெய்லரைச் சீராக இழுப்பதற்குச் செய்யப்பட்டது. சேற்றில் புதைந்த வண்டியைச் சுண்டி இழுக்கும்போது அதைவிடப் பல மடங்கு விசை அதன்மேல் விழுகிறது. இழுபட்டு நீண்ட கயிறு தனக்குள் அந்த விசையைச் சேர்த்து வைத்திருக்கும். உருண்டை ஒடிந்தால் பீரங்கிக் குண்டு போலப் பறந்து கண்ணாடியைத் துளைக்கும். வெளிநாடுகளில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

பெரியவர் அவசரப்படவில்லை. மண்வெட்டி கேட்டார். எங்களிடம் இல்லை. ஏணி இருந்தது, மண்வெட்டி இல்லை! டிராக்டரில் இருந்ததை எடுத்துச் சக்கரத்தின் முன்னும் பின்னும் இருந்த மண்ணை வெட்டினார். டயரில் காற்றைக் குறைத்தார். வெட்டிப் போட்ட செம்பனை மட்டைகளை அடியில் திணித்தார். வண்டியோடு வந்த திருகு கொக்கியைப் பொருத்தச் சொன்னார். “இதுவும் மெதுவா இழுக்கத்தான். வெடுக்குன்னு இழுத்தா இதுவும் போயிரும்” என்றார். டிராக்டர் ஆமை வேகத்தில் நகர, வண்டி வெளியே வந்தது.

அப்போதுதான் பார்த்தோம், ஒரு டயரின் பக்கச்சுவர் கிழிந்திருந்தது. மாற்று டயர் ஒல்லியான தற்காலிக வகை. அந்தச் சேற்றுக்கு அது உதவாது. அந்த அளவு டயர் ரவூப்பில் எங்கும் கிடைக்கவில்லை. கோலாலம்பூரிலிருந்து வர இரண்டு நாள் ஆயிற்று. கூடாரம் ஒரு முறைகூட விரிக்கப்படவில்லை.

வீடு திரும்பியதும் அண்ணனும் நானும் கணக்குப் போட உட்கார்ந்தோம். அன்று நாங்கள் தெரிந்துகொண்டதை, இதே ஆசையில் இருக்கும் குடும்பங்களுக்காகச் சொல்கிறேன்.

முதல் கணக்கு எடை. ஒவ்வொரு வண்டிக்கும் மொத்தமாக இவ்வளவு எடைதான் தாங்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நாம் ஏற்றக்கூடியது. அண்ணன் வண்டிக்கு அது சுமார் 650 கிலோ. குடும்பம் நால்வர் 230, கூடாரம் 70, கேரியர் 30, நிரம்பிய குளிர்பெட்டி 40, தண்ணீர் 40 லிட்டர் என்றால் 40 கிலோ, 20 லிட்டர் டீசல் கேன் 17, பின்னால் அடித்த மர இழுப்பறை 60, இரண்டாவது பேட்டரி 25, அடுப்பு, நாற்காலி, துணிமணி, சாப்பாடு 90. கூட்டினால் 602. அன்று என்னையும் ஏற்றிக்கொண்டதும் வரம்பை ஒட்டி வந்துவிட்டோம். அடுத்து இரும்பு பம்பரும் வின்ச்சும் மாட்டத் திட்டம். அது இன்னும் 90 கிலோ. மாட்டியிருந்தால் நான் ஏறாமலேயே எல்லை தாண்டியிருக்கும்.

இங்கேதான் சொகுசு வண்டியின் தனிப் பிரச்சினை. சாதாரண ஸ்பிரிங் வண்டியில் சுமை கூடினால் பின்புறம் தொங்கும். பார்த்தாலே தெரியும். காற்று சஸ்பென்ஷன் தன்னைத் தானே சமப்படுத்திக்கொள்ளும். எவ்வளவு ஏற்றினாலும் நிமிர்ந்து நிற்கும். பாரத்தை டயரும் பிரேக்கும் சுமக்கின்றன. நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. பழைய இரும்புக் கடையில் லோரி நிறுக்கும் எடைமேடை இருக்கும். சாமான், குடும்பம் எல்லாவற்றோடும் போய் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள்.

கூரைக்குத் தனி வரம்பு. பல சொகுசு எஸ்யூவிகளுக்கு அது 100 கிலோவைச் சுற்றியே இருக்கும். கேரியரின் எடையும் அதில் சேர்த்தி. புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 வகைக்கு ஓடும்போது 168 கிலோ, நிற்கும்போது 300 கிலோ. நிற்கும் வரம்பு அதிகம் என்பதால்தான் கூரைக் கூடாரத்தில் நான்கு பேர்கூடப் படுக்க முடிகிறது. ஆனால் ஓடும்போது உள்ள வரம்புதான் சாலையில் நம்மைக் காப்பது. உச்சியில் பாரம் கூடினால் சரிவில் வண்டி புரள்வது எளிதாகிவிடும். தண்ணீரும் டீசலும் கூரைக்குப் போகக் கூடாது. கனமானவை எல்லாம் கீழே, பின் இருக்கையை ஒட்டி, இறுக்கிக் கட்டி இருக்க வேண்டும்.

இரண்டாவது கணக்கு டயர். முதல் பணம் இதற்குத்தான் போக வேண்டும். கடைக்கு வரும்போது சொகுசு வண்டிகள் 20, 21, 22 அங்குலச் சக்கரத்தில் வருகின்றன. அழகுதான். ஆனால் சக்கரம் பெரிதாகும்போது ரப்பர் சுவர் குறைகிறது. 275/45 ஆர்21 என்ற டயரின் பக்கச்சுவர் உயரம் சுமார் 124 மில்லிமீட்டர். 255/70 ஆர்18 டயரில் அது சுமார் 178. அந்த ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம்தான் கல்லையும் கட்டையையும் வாங்கிக்கொள்ளும் மெத்தை. காற்றைக் குறைத்து ஓட்டவும் அந்த உயரம் வேண்டும். சின்னச் சக்கரத்துக்கு மாறும் முன் பிரேக் இடிக்காதா என்று பட்டறையில் பொருத்திப் பாருங்கள். பெரிய பிரேக் உள்ள வண்டிகளில் 18 அங்குலம் உள்ளே போகாது. மாற்று டயரும் அதே அளவில், முழு அளவில் இருக்க வேண்டும். பக்கச்சுவர் கிழிசலை நுரை மருந்து ஒட்டாது.

காற்று அளவு காசில்லாத கருவி. தார்ச்சாலையில் 35 பிஎஸ்ஐ என்றால், மண் சாலையில் 25, சேற்றில் 20 அளவுக்கு இறக்கலாம். டயர் அகலமாகப் படிந்து பிடிக்கும். ஆனால் குறைத்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். எனவே காற்றுப் பம்பு இல்லாமல் காற்றை இறக்கவே கூடாது.

மூன்றாவது, மீட்புச் சாமான். வண்டியின் சட்டத்தோடு இணைந்த, எடை அளவு பொறித்த கொக்கி முன்னும் பின்னும் வேண்டும். அளவான கயிறு, ஷேக்கிள், மண்வெட்டி, சக்கரத்தின் அடியில் போடும் பலகை இரண்டு, கையுறை. இவ்வளவையும் ஒரு பையில் அடக்கலாம். வின்ச் வாங்கினால், முழுச் சுமையோடு வண்டி இருக்கும் எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கும் திறன் வேண்டும். 3,000 கிலோ வண்டிக்கு 4,500 கிலோ. இழுக்கும்போது ஓட்டுநரைத் தவிர மற்ற எல்லோரும் கயிற்றின் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரைத் தனியாக நியமியுங்கள். காணொளி பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இரும்பு பம்பர் மாட்டும் ஆசை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போதைய சொகுசு வண்டிகளில் முன் பம்பருக்குப் பின்னால் ரேடாரும் சென்சாரும் ஒளிந்திருக்கின்றன. மறைத்தால் தானியங்கி பிரேக் குழம்பும். மாற்றம் எதுவானாலும் மலேசியாவில் ஜேபிஜே, சிங்கப்பூரில் எல்டிஏ, இரு ஊரிலும் காப்புறுதி நிறுவனம் ஆகியோரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டால் பதில் வேறாக இருக்கும். காப்புக்காட்டுக்குள் நுழைய மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

காட்டுக்குள் போனதும் கைப்பேசியில் கோடு இருக்காது. துணைக்கோளம் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி இப்போது கிடைக்கிறது. அண்ணன் நீள விளக்கை விற்ற காசில் அதைத்தான் வாங்கினார். கூடவே, எங்கே போகிறோம், எந்த நேரம் வரை செய்தி வராவிட்டால் தேட வேண்டும் என்பதை எழுதி அம்மாவிடம் கொடுப்பது இப்போது எங்கள் வீட்டு வழக்கம்.

இவ்வளவு எச்சரிக்கை சொன்னதால் சொகுசு வண்டி காட்டுக்கு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். 1970ல் ரேஞ்ச் ரோவர் முதலில் வந்தபோது அதில் தோல் இருக்கை இல்லை. கழுவித் துடைக்கக்கூடிய வினைல் இருக்கைதான். சொகுசு பிறகு வந்து சேர்ந்தது. அதற்கும் முன்பு, 1955ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு, 1956ல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள். இடையில் நம் தீபகற்பத்தையும் கடந்தார்கள். அந்த வண்டிகளில் ஒன்று 2019ல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்பவும் ஓடியது. அந்தக் காலத் தோட்டத்துத் துரைமார் வண்டிகளும் இதே வம்சம்தான். அவற்றை ஓட்டியவர்களில் நம் தாத்தாக்களும் உண்டு. சேறு எப்படி இருக்கிறது என்று அவர்களுக்கு ஸ்டியரிங்கிலேயே தெரிந்தது. இன்றைய வண்டி அதை நம்மிடமிருந்து மறைக்கிறது. அதனால் இறங்கி நடந்து பார்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

அண்ணன் மறுபடியும் ரவூப் போனார். ஏணியும் இழுப்பறையும் வீட்டிலேயே தங்கின. 18 அங்குலச் சக்கரம், முழு அளவு மாற்று டயர், மீட்புப் பை, மண்வெட்டி ஆகியவை போயின. துணைக்கு இன்னொரு வண்டியும் போனது. தார்ச்சாலை முடியும் இடத்தில் இறங்கி, நான்கு டயரிலும் காற்றை இறக்கினார். அந்தச் சரிவை முதலில் காலால் ஏறிப் பார்த்தார். பெரியவருக்கு ஒரு டின் முறுக்கும் கொண்டுபோயிருந்தார்.

இரவு எட்டு மணிக்கு அம்மாவின் கைப்பேசியில் செய்தி வந்தது: “கூடாரம் போட்டாச்சு. எல்லாரும் சாப்பிட்டாச்சு. நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்திருவோம்.”

அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு, சமையலறை விளக்கை அணைத்தார்.