ஆயிரத்துக்குப் பன்னிரண்டு குறைவு

ஹொண்டா சிவிக்கைப் பற்றி ஆர் கதைக்கத் தொடங்கினாலும் முதல்ல வாறது குதிரைவலுக் கணக்குத்தான். 1989 இல வந்த எஸ்ஐஆர் 160. 1997 டைப் ஆர் 185. 2017 இல 320. 2022 இல 330. தலைமுறைக்குத் தலைமுறை ஏறிக்கொண்டே போன ஒரு காரின்ர வெற்றிக்கதை எண்டு யூடியூப்காரர் சொல்லுறாங்கள், எங்கட பெடியளும் அதையே பாடமாக்கி ஒப்பிக்கிறாங்கள். இந்தக் கதையைத் தலைகீழாப் பிடிச்சு வாசிக்கினம் எண்டுதான் நாங்கள் சொல்லுறம்.

முதல் சிவிக் 1972 இல யப்பானில வந்தது. நீளம் 3.4 மீற்றர், பாரம் 600 கிலோவைச் சுற்றி, எஞ்சின் 1169 சீசீ, வலு வெறும் 60. அடுத்த வருசமே உலகம் முழுக்க எண்ணெய் நெருக்கடி. அந்த நேரம் பார்த்து ஹொண்டா சீவீசீசீ எண்ட எஞ்சினைக் கொண்டு வந்தது. பெரிய அறைக்குப் பக்கத்தில ஒரு குட்டி அறை. அதுக்குள்ள பெற்றோல் கூடின கலவையை முதல்ல பத்தவைச்சு, அந்த நெருப்பால பெரிய அறையில இருக்கிற பெற்றோல் குறைஞ்ச கலவையை எரிக்கிறது. பெற்றோலும் மிச்சம், புகையும் குறைவு. அமெரிக்காவின்ர புதுப் புகைச்சட்டத்துக்கு ஈடுகொடுக்கேலாது எண்டு டெட்ரொய்ட் கொம்பனிகள் அழுதுகொண்டு நிண்டபோது, புகையைச் சுத்தம் செய்யிற கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் எண்ட சாமான் இல்லாமலே இந்தச் சின்னக் கார் அந்தச் சோதனையைப் பாஸ் பண்ணிச்சு. சிவிக் எண்ட பெயரே குடிமக்களுக்கான கார் எண்ட அர்த்தத்தில வைச்சதுதான்.

1974 இல வந்த சிவிக் ஆர்எஸ்தான் முதல் ஸ்போர்ட்டி சிவிக். அந்த ஆர்எஸ்ஸுக்கு ஹொண்டா சொன்ன விளக்கம் 'ரோட் செய்லிங்'. ரோட்டில பாய்மரம் விட்டுப் போற மாதிரி. ரேசிங் எண்டு சொல்லேல்ல பாருங்கோ. கடற்கரையில இருக்கிற எங்களுக்கு அந்தப் பெயர் சரியாப் பிடிபடுது.

அதுக்குப் பிறகு வந்த நல்ல தலைமுறைகள் எல்லாம் இந்தப் புத்தியிலதான் ஓடினது. எஸ்ஐஆரின்ர 160 குதிரைவலு டேர்போ இல்லாத 1.6 லீற்றர் எஞ்சினில இருந்து வந்தது. 1997 டைப் ஆர் ஆயிரத்துச் சொச்சம் கிலோதான். அதே 1.6 லீற்றர், 8200 சுற்றில 185. முன்னுக்கும் பின்னுக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்சன். வளைவுகளில பெரிய எஞ்சின் கார்களை அது வெண்டதுக்குக் காரணம் பாரம் இல்லாததுதான். 2000 இல வந்த ஏழாம் தலைமுறையில முன் சஸ்பென்சனை மலிவான ஸ்ட்ரட்டுக்கு மாத்தினாங்கள். பிறகு கார் ஊதத் தொடங்கிச்சு. 2015 இல வந்த பத்தாம் தலைமுறை செடான் 4.6 மீற்றர். 1976 இல பெரிய காராக வந்த முதல் அக்கோர்ட்டை விட நீளம்! இதையும் 'கொம்பக்ட்' எண்டுதான் சொல்லவேணுமாம்.

இனி எங்கட கதைக்கு வருவம். 1989, 1997 எண்ட வருசங்களில எங்கட அம்மா அப்பா சோதனைச்சாவடிகளில இறங்கி ஏறிக்கொண்டு இருந்தவை. யாழ்ப்பாணத்தில பெற்றோல் தடைக்குள்ள ஒஸ்ரினையும் மொறிசையும் கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில ஓட்டினவை. வீடெக் வால்வு திறக்கிற சத்தம் எங்கட ரோட்டில கேக்கவே இல்லை. அப்ப, எங்கட தலைமுறையின்ர சிவிக் எது? 988 சீசீ டேர்போ. மூண்டு சிலிண்டர்.

ஏன் 988? இந்த நாட்டில காருக்கு வரி போடுறது எஞ்சினின்ர சீசீயைப் பார்த்து. ஆயிரத்தைத் தாண்டினால் ஒரு விலை, தாண்டாவிட்டால் வேற விலை. ஆயிரத்துக்குப் பன்னிரண்டு குறைஞ்சதால அந்த நீண்ட கார் சின்னக் காரின்ர கதவால உள்ளுக்கு வந்திட்டுது. எஞ்சின் மோசம் எண்டு நாங்கள் சொல்லேல்ல, 129 குதிரைவலு எண்டது முதல் சிவிக்கின்ர இரண்டு மடங்கு. ஆனா எங்களுக்கு எந்தத் தலைமுறை, எந்த எஞ்சின் எண்டு தீர்மானிச்சது எஞ்சினியர் இல்லை, வர்த்தமானி. அதே அரசுதான் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தீர்வையில்லாத பேர்மிட்டை வருசக்கணக்காக் குடுத்தது.

2020 மார்ச்சில இறக்குமதி நிண்டிச்சு. 2025 பெப்ரவரி வரைக்கும் திறக்கேல்ல. அந்த அஞ்சு வருசத்தில பழைய கார் பழசாக ஆக விலை ஏறின அதிசயத்தை நாங்கள் பார்த்தம். பாவிச்ச சிவிக்கை லீசிங்கில எடுத்து, சிவப்பு எச் பட்ஜ் வாங்கி ஒட்டி, சைலன்சரை வெட்டிக்கொண்டு நிலாவெளி ரோட்டில ஓடுற தம்பிமாரே, அந்தச் சிவப்புப் பட்ஜ் பாரத்தைக் குறைச்ச காருக்கு ஹொண்டா குடுத்த அடையாளம். மாதக் கட்டுக்காசுக்குக் குடுத்தது இல்லை. சம்பந்தம் பேசேக்க மாப்பிள்ளைக்குச் சிவிக் நிக்குது எண்டு சொல்லுறதையும் நாங்கள் கேட்டிருக்கிறம். மிச்சக் கட்டுக்காசை ஆர் கட்டுறது எண்டதை ஒருத்தரும் சொல்லுறேல்ல. எங்கட ஊருக்குப் பெயர் சல்லி. சிங்களத்தில அதுக்குக் காசு எண்டு அர்த்தம். பெயரில மட்டும்தான் இருக்கு.

2022 ஐ மறந்திட்டியளோ? கியூஆர் வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். சைக்கிளுக்கு 4, ஓட்டோவுக்கு 5. ஓகஸ்ட்டில மண்ணெண்ணெய் 87 ரூபாவில இருந்து ஒரே நாளில 340 ரூபா. அந்த மாதம் எங்கட கரையில வள்ளங்கள் மண்ணில ஏறி நிண்டது. சீனக்குடாவில வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்க் குதங்கள் 99, கூப்பிடு தூரத்தில இருக்கு. கடலுக்குப் போறவரிட்ட புது எஞ்சினைக் காட்டினால் அவர் கேக்கிறது, போய்வர எவ்வளவு எண்ணெய் குடிக்கும் எண்டுதான். 1972 இல ஹொண்டாவும் அதைத்தான் யோசிச்சது.

பெடியள் ஆசைப்படுறதில என்ன பிழை, வெளிநாட்டுப் பெடியளுக்கு மட்டும்தான் வேகமோ எண்டு கேப்பியள். ஆசைப்படுங்கோ. எங்களுக்கும் பழைய ஈகே ஹட்ச்பாக் ஒண்டு போனால் கழுத்துத் திரும்பும். ஆனா அடுத்த முறை ஒரு காரைப் பார்த்து ஸ்போர்ட்டி எண்டு சொல்ல முதல் பாரம் எவ்வளவு, லீற்றருக்கு எத்தினை கிலோமீற்றர் எண்டு கேளுங்கோ. உப்புக்காத்தில அடிப்பக்கம் கறள் பிடிச்சிருக்கோ எண்டு குனிஞ்சும் பாருங்கோ. வரி போடுறவையிட்ட நாங்கள் கேக்கிறது இதுதான்: சீசீயை விடுங்கோ, காரின்ர பாரத்தையும் புகையையும் விலையையும் பார்த்துப் போடுங்கோ. அப்ப 600 கிலோக் காருக்கும் 4.6 மீற்றர் காருக்கும் ஒரே வாசல் இருக்காது.