பழைய பாலியோவுக்கு எந்த எஞ்சின்?

வீட்டில் ஒரு மாதமாக ஒரே சண்டை. சொத்துச் சண்டை இல்லை, எஞ்சின் சண்டை.

எங்கள் வண்டி 2003 மாடல் ஃபியட் பாலியோ 1.6. இந்த வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே தெரியாது என்பதால் ஒரு சிறு முன்னுரை. 2001-ல் பாலியோ இங்கே வந்தபோது சச்சின்தான் விளம்பரத்தில் வந்தார். 1596 சிசி, 16 வால்வு, சுமார் 100 குதிரை சக்தி. தெருவில் ஓடிய மாருதி 800-க்கு 37 குதிரை என்று இருந்த காலத்தில் ஒரு சின்ன ஹேட்ச்பேக்கில் 100! குடிக்கிற பெட்ரோலும் அதற்கேற்ற மாதிரிதான். அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கினார். நான் ஓட்டக் கற்றதும் இதில்தான்.

போன மாதம் மாமல்லபுரத்தில் இருந்து ஈ.சி.ஆரில் திரும்பும்போது ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து தண்ணீர் முழுக்கப் போய்விட்டது. டெம்பரேச்சர் முள் சிவப்பில் நின்றதை நான் கவனிக்கவில்லை. ஆமாம், ஓட்டியது நான்தான். சதுராங்கப்பட்டினம் தாண்டுவதற்குள் வண்டி நின்றது. பிரித்துப் பார்த்தால் ஹெட் வளைந்து, ஒரு சிலிண்டரில் ஆழமாகக் கீறல்.

மெக்கானிக் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே அப்பாவிடம் கேட்டார். "சார், என்ன பண்ணலாம்? இதையே ரெடி பண்ணவா, வேற எஞ்சின் போடவா?"

அங்கே ஆரம்பித்தது.

அம்மா: "வித்துடுங்க." அப்பா: "டீசல் போட்டா மைலேஜ் கிடைக்கும்." நான்: "டி-ஜெட்!"

சரி, விஷயத்துக்கு வருவோம். எங்கள் முன்னால் இருந்த வழிகள் நான்கு.

1) டி-ஜெட். 2010-ல் லீனியாவில் வந்த 1368 சிசி டர்போ பெட்ரோல், 114 பி.எஸ். இதே எஞ்சினை 2015-ல் புன்ட்டோ அபார்த்தில் 145 பி.எஸ். ஆக்கிக் கொடுத்தார்கள். குடும்பத்துக்குள்ளேயே பெண் எடுப்பது மாதிரி, ஃபியட்டுக்கு ஃபியட், என்ன பிரச்சினை என்று நினைத்தேன். எஞ்சின் மட்டும் வந்தால் போதாது. ஈ.சி.யூ., வயரிங், சாவியில் இருக்கும் இம்மொபிலைசர், கியர்பாக்ஸ், மவுண்டிங், டர்போவுக்கு இன்டர்கூலர் எல்லாம் கூடவே வர வேண்டும். பின் சக்கரத்தில் இன்னும் டிரம் பிரேக்தான். வேகத்தைக் கூட்டிவிட்டு நிறுத்துவதை அப்படியே விட்டால் அதற்குப் பெயர் ட்யூனிங் இல்லை, தற்கொலை.

2) 1.3 மல்டிஜெட் டீசல். 'இந்தியாவின் தேசிய எஞ்சின்' என்று கிண்டலாகச் சொல்வார்களே, அதுதான். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா என்று எங்கும் இருந்தது. பாலியோ ஸ்டைலிலேயே கம்பெனி போட்டுக் கொடுத்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோது மாருதி இதை நிறுத்திவிட்டது. ஆனால் ஓடிய வண்டிகள் அவ்வளவு இருப்பதால் பாகங்களுக்குப் பஞ்சம் இல்லை. அப்பாவின் வாதத்தில் நியாயம் உண்டு.

3) அதே 1.6, ஆனால் வேறு வண்டியில் இருந்து. சியெனா, பெட்ரா, அட்வெஞ்சர் எல்லாவற்றிலும் இந்த 1.6 இருந்தது. புதுப்பேட்டையில் சுற்றினால் மாட்டும்.

4) நம்ம எஞ்சினையே போர் பண்ணி, ஹெட்டை ஃபேசிங் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், பேரிங் போட்டுத் திரும்ப ஏற்றுவது.

நான் முதல் வழிக்காக வீடியோ வீடியோவாகக் காட்டி அப்பாவை ஏறக்குறைய மடக்கிவிட்டேன். அப்போது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆர்.சி.யில என்னடா எழுதறது?"

அங்கேதான் மாட்டினேன். ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பர், சிசி, எரிபொருள் மூன்றும் இருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. எரிபொருளை மாற்றலாம் என்ற விலக்கு சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி மாதிரி அங்கீகரித்த கிட் பொருத்துவதற்கானது. புதுப்பேட்டை டீசல் எஞ்சினுக்கு இல்லை.

"யாரு பாக்கப் போறா?" என்று கேட்கலாம். பார்ப்பார்கள். 15 வருடம் முடிந்த சொந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். எங்களுக்கு 2018, 2023 முடிந்தது, அடுத்தது 2028. செங்கல்பட்டுக்கு வண்டியை எடுத்துப்போனால் எஞ்சின் நம்பரைப் பார்க்காமல் விடமாட்டார்கள். அதைவிடப் பெரிய பயம் இன்ஷூரன்ஸ். நாளைக்கே ஈ.சி.ஆரில் யார் மீதாவது இடித்து, வண்டியில் இருப்பது வேறு எஞ்சின் என்று தெரிந்தால், நஷ்டஈடு முழுக்க நம் தலையில் விழலாம். ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டுகிற வண்டி என்றால் கதை வேறு. இருங்காட்டுக்கோட்டைக்கு லாரியில் ஏற்றிப்போய் ஆசை தீர ஓட்டலாம். நாங்கள் திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் போகிறவர்கள்.

ஆக மிச்சம் 3, 4. மூன்றாவது வழியில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எஞ்சினோடு பில்லும், அது கழன்ற வண்டியின் ஆர்.சி. நகலும் கேட்டு வாங்குங்கள். நம்பர் மாறுவதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். திருட்டு வண்டியின் எஞ்சின் என்றால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நான்காவதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நம்பர் இருப்பது பிளாக்கில், பிளாக் நம்முடையது.

இனி நம்ம பாடம். காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் தூங்கியவர்களுக்காக: இதுவரை வண்டிக்குக் கொட்டியது சங்க் காஸ்ட். "இவ்வளவு செலவு பண்ணிட்டோமே" என்பது காரணமே ஆகாது. அம்மா சொன்ன 'வித்துடுங்க' கணக்கில் சரிதான். எஞ்சின் போன பாலியோவைக் காயலான் கடைக்காரர்தான் வாங்குவார். ரீபில்ட் முடித்தாலும் செலவழித்த பணத்துக்கு யாரும் வாங்கப்போவதில்லை. ஆகவே இது முதலீடு இல்லை, ஆசை. ஆசைக்குச் செலவு செய்வது தப்பில்லை. அதை முதலீடு என்று சொல்லிக்கொள்வதுதான் தப்பு.

எங்கள் ஆசைக்கு நாங்கள் போட்ட வரம்பு 70,000 ரூபாய். டி-ஜெட் என்றால் இரண்டு லட்சத்தைத் தாண்டும் என்றார் அண்ணன். அது என் சி.ஏ. கோச்சிங்குக்கு எடுத்து வைத்த பணம். கொடுக்க அப்பா தயாராக இருந்தார், அதுதான் எனக்கு உறைத்தது. வண்டியைக் கெடுத்தவனும் நான், மேலே இரண்டு லட்சம் கேட்டவனும் நான்.

அதனால் என் கட்சியை நானே மாற்றிக்கொண்டேன். பழைய ஹேட்ச்பேக்குக்கு எஞ்சின் தேடும் யாருக்கும் நான் சொல்வது இதுதான்: குதிரை சக்தியை முதலில் பார்க்காதீர்கள். ஆர்.சி. ஏற்குமா, பாகம் கிடைக்குமா, உங்கள் ஊர் மெக்கானிக்குக் கை பழகியதா என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றிலும் தேறுவது பெரும்பாலும் அந்த வண்டி பிறந்தபோது இருந்த எஞ்சின்தான். பிளாக்கிலேயே விரிசல், அதே எஞ்சின் வேறு கிடைக்கவும் இல்லை என்றால் விற்றுவிடுங்கள். எஞ்சினைப் பிரிக்கும் முன்பே வரம்பை எழுதி வையுங்கள். பிரித்த பிறகு வரம்பு போடுகிறவன் மனிதனே இல்லை.

இன்னொன்று. எஞ்சின் வெளியே இருக்கும்போதே பெட்ரோல் ஹோஸ், ஓ-ரிங் எல்லாம் மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2003-ல் போட்ட ரப்பர் அதற்குச் செய்ததில்லை. ரேடியேட்டர் ஹோஸையும் மறக்காதீர்கள். அனுபவம் பேசுகிறது.

இப்போது பிளாக் செங்கல்பட்டில் லேத் பட்டறையில் இருக்கிறது. பிஸ்டனுக்கு அண்ணன் சொல்லி வைத்திருக்கிறார். அப்பாவுக்கு அடுத்த ஜூனில் ரிட்டயர்மென்ட், அணுபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் வண்டி தயாராகி, டோ பண்ணாமல் தானாகவே டவுன்ஷிப் கேட்டைத் தாண்ட வேண்டும். அன்றைக்கு ஓட்டப்போவது அப்பா. நான் பக்கத்து சீட்டில், டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தபடி.

டிஸ்கி: மெக்கானிக் அண்ணன் யார், நம்பர் கொடு என்று கேட்காதீர்கள். முதலில் எங்கள் வண்டி வரட்டும்.